சாம்சன் இறக்கிய இன்ஜின்

நாலு பேரிங்கையும் துடைத்து, பழைய செய்தித்தாள்மேல் வரிசையாக வைத்தான் சாம்சன். நாலும் பளபளவென்று இருந்தன. நகத்தால் தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூடத் தட்டுப்படவில்லை. மெக்கானிக் கொட்டகைக்கு வெளியே வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ்கள் காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன.

தேயாத பேரிங்கைத்தான் தேய்ந்துபோனதென்று சொல்லி, கங்காவின் பிக்கப் வண்டியிலிருந்து இன்ஜினையே இறக்கிவிட்டான்.

கங்கா பிள்ளைப்பாக்கத்துக்காரி. விடியற்காலையில் சமைத்து, கம்பெனி ஆட்கள் தங்கும் மூன்று ஹாஸ்டல்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள். வண்டி ஓட்டுவது அவள் தம்பி ஜீவானந்தம். மூன்று நாளைக்கு முன்னால் வண்டி டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டு வந்து நின்றது. சாம்சன் நீள ஸ்குரூ டிரைவரை இன்ஜினின் அடியில் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டான். கேட்டான் என்பது ஊருக்கு. உண்மையில் கையில் தட்டிய அதிர்வு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

"பேரிங் போச்சும்மா. ஆயில் மாத்தாம ஓட்டிகீறாரு உன் தம்பி. இன்ஜின இறக்கியே ஆவணும்."

"மாத்திட்டேன்னு சொன்னியேடா!" என்று கங்கா திரும்பினாள்.

"சத்தியமா மாத்தினேங்க்கா. சத்தம் கீழ இல்ல, முன்னாடி பெல்ட்டாண்ட வருது. ணா, பெல்ட்ட கழட்டிட்டு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாருண்ணா. தெரிஞ்சிடும்."

இரண்டு நிமிஷ வேலை. எந்த மெக்கானிக்கும் முதலில் செய்கிற வேலை. ஆனால் பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். "ஏன், சத்தம் எங்கருந்து வருதுன்னு தெரிய எனக்குக் காது இல்லியா?" என்றான் சாம்சன். கூட்டம் சிரித்தது. "டிரைவர் சாரே ஸ்பானர் புடிக்கட்டும்பா!" என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். கங்கா எல்லார் முன்னாலும் தம்பியிடம் சாவியை வாங்கிக்கொண்டாள். "பொய் சொல்றவன் இனிமே என் வண்டிய தொடக் கூடாது."

காது இல்லைதான்.

பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவன் சாம்சன். காண்ட்ராக்ட் ஆள். மெஷின் இரைச்சலுக்குக் காதில் வைக்கப் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். அதை வைத்தால் சூப்பர்வைசர் கத்துவது கேட்காது என்று பாக்கெட்டிலேயே வைத்திருப்பான். வருஷத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் வேன் வரும். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காதவனை லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸின் விரல் பொத்தானை அழுத்துவதைப் பார்த்து அவன் கையைத் தூக்கினான். அஞ்சு வருஷம் அப்படியே தூக்கினான். அஞ்சு வருஷமும் காது நார்மல். அப்புறம் லைனையே மூடிவிட்டார்கள். சின்ன வயதில் கற்ற மெக்கானிக் தொழிலுக்குத் திரும்பினான். வீட்டில் டிவி சத்தத்துக்குத் தினம் சண்டை. கொட்டகையில் யாருக்கும் தெரியாது.

இப்போது எழுந்து, ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்த, முன்பக்கப் பெல்ட்டில் சுழலும் டைனமோவை எடுத்துப் பார்த்தான். அதைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு போல்ட்டே இல்லை. ஓட்டை தேய்ந்து கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது. இன்ஜினின் பக்கவாட்டில், டைனமோ ஆடி ஆடி இடித்த இடம் வெள்ளி ரூபாய் போல மின்னியது. பெல்ட்டைக் கழற்றியிருந்தால் சத்தம் அப்போதே நின்றிருக்கும்.

புது பேரிங் போட்டு, போல்ட்டை முடுக்கி, வாயைத் திறக்காமல் வண்டியைக் கொடுத்துவிடலாம். கங்கா கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டிப் போவாள். ஜீவானந்தம் பொய்யனாகவே இருப்பான். அந்த யோசனை வந்தது என்பதைவிட, அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் சாம்சனைக் கூசவைத்தது.

போன் பண்ணினான். "தம்பியையும் கூட்டிகினு வாம்மா."

வந்தார்கள். ஜீவானந்தம் கொட்டகைக்குள் வராமல் ரோட்டோரமே நின்றான். சாம்சன் பிராக்கெட்டைக் காட்டினான்.

"பேரிங் நல்லாகீது. இந்த போல்ட் கழண்டு வுழுந்ததுதான் சத்தம். தம்பி சொன்னதுதான் கரெக்டு."

கங்கா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். "அப்போ ஆயிலு?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்தான். "புது ஆயில்மா. மொத நாளு வடிக்கும்போதே பாத்தேன். சொல்லிட்ட வார்த்தைய மாத்த வெக்கமா இருந்துச்சி. வுட்டுட்டேன்."

"மூணு நாளா தெரிஞ்சிகினே வெச்சிகினியா?" கங்காவின் குரல் உயர்ந்தது. அவனுக்கே தெளிவாகக் கேட்டது. "வூட்டுக்குள்ள கூட வராம, மூணு நாளா கடையில தின்னுகினு கீறாண்ணா அவன்!"

"எனக்குக் காது சரியா கேக்காதும்மா. பிரஸ் ஷாப்புல போயிடுச்சி. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

அதைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. பரிதாபத்துக்குக் கை நீட்டியது போல இன்னும் கேவலமாக இருந்தது. கங்கா தம்பியிடம் போனாள், ஏதோ சொன்னாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் மத்தியானம் இன்ஜின் ஏறியது. பழைய பேரிங்குகளையே போட்டு, புது போல்ட் முடுக்கியிருந்தான். கங்கா சாவியைத் தம்பியிடம் நீட்டினாள். வாங்கி ஸ்டார்ட் பண்ணினான். சாம்சன் பானெட்டின்மேல் கையை வைத்தான். கை ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமாகச் சொல்ல அவனிடம் வேறு வழியும் இல்லை. டீக்கடை நாலு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

"தம்பி, நீ கேட்டுச் சொல்லுப்பா. சத்தம் வருதா?"

ஜீவானந்தம் இறங்கி வந்து, இன்ஜினுக்கு மேலே குனிந்தான். அவசரப்படவில்லை. முன்பக்கம் கேட்டான், கீழே கேட்டான், மறுபடி முன்பக்கம் வந்தான். அத்தனை நேரமும் சாம்சன் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.