மாடம்பாக்கம் ஃபீடர்

இரும்புலியூர் கேசவனுக்குப் பெரிய குறை என்று எதுவும் கிடையாது. சொந்த வீடு, மின்வாரியத்தில் நிரந்தர வேலை, டி.வி.எஸ். ஐம்பது வண்டி, வாய் கொஞ்சம் நீளமென்றாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனைவி ஜெயக்கொடி. இத்தனை இருந்தும் அந்த மனிதனுக்குச் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம் துளசிங்கம். ஜெயக்கொடியின் தங்கை தையல்நாயகியைக் கட்டியவன். உறவுமுறையில் சகலை.

சகலைகளுக்குள் புகைச்சல் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் இங்கே இரண்டு பேருக்கும் பிழைப்பும் ஒன்றாகப் போயிற்று. கேசவன் தாம்பரத்தை ஒட்டிய ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். பெரிய கம்பிகளில் வருகிற மின்சாரத்தைச் சுற்றுவட்டாரத்துக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லைன். அதை ஃபீடர் என்பார்கள். இரும்புலியூர் ஃபீடர், திருநீர்மலை ஃபீடர், மாடம்பாக்கம் ஃபீடர் என்று வரிசையாகச் சுவிட்சுகள். துளசிங்கத்துக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை. எண்பத்து நாலில் அங்கே முதல் உலை ஓட ஆரம்பித்த வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம்.

கரண்டை உண்டாக்குகிறவனுக்கு மாலை, பிரித்துக் கொடுக்கிறவனுக்கு வசவு. விளக்கு எரிகிறபோது ஒருத்தனும் கேசவனை நினைக்க மாட்டான். அணைந்த அடுத்த நிமிஷம் தெருவே அவன் பெயரைச் சொல்லும். துளசிங்கத்தை மாமனார் ஊரில் "அட்டாமிக் மாப்ள" என்று கூப்பிடுவார்கள். கேசவனை "இ.பி. கேசவன்" என்பார்கள், அதுவும் கரண்ட் போன நேரத்தில்.

மாமனார் பொன்னுரங்கத்துக்கு மாடம்பாக்கத்தில் வீடு. நிலமெல்லாம் மனையாகிவிட்டபின் கைக்கு வேலையில்லை, வாய்க்குத்தான் வேலை. ஆண் பிள்ளை கிடையாது; ஆகவே வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது பெரிய மாப்பிள்ளை. அதாவது கேசவன். துளசிங்கத்துக்கு அணு இருந்தால் கேசவனுக்கு அந்தத் துண்டு இருந்தது. அதை நினைத்துத்தான் அவன் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் மாடம்பாக்கத்தில் கூடினால் பொன்னுரங்கம் ஆரம்பித்துவிடுவார்.

"சின்ன மாப்ள, அந்த அணு எப்டி கரண்டா மாறுது? இன்னொரு வாட்டி சொல்லு."

துளசிங்கம் அலட்டிக்கொள்ளாமல் சொல்வான். "எல்லாம் தண்ணி சூடு பண்ற கதைதான் மாமா. எண்ணூர்ல நிலக்கரிய எரிச்சு ஆவி புடிக்கிறாங்க. நெய்வேலியில பழுப்பு நிலக்கரி. நாங்க யுரேனியத்த வெச்சு அதே ஆவியத்தான் உண்டாக்குறோம். ஆவி வேகமா வந்து சக்கரத்தச் சுத்துது, கரண்ட் வருது. மேட்டூர், குந்தா பக்கம் அதுகூட வேணாம், மேலேர்ந்து உழற தண்ணியே சுத்திடும். இப்போ தெக்க கயத்தாறு பக்கம் காத்தாடி நட்டிருக்காங்க, அதுல காத்தே சுத்துது."

அவனது இந்த அடக்கம்தான் கேசவனுக்கு வயிற்றைப் பற்ற வைக்கும். பீற்றிக்கொண்டாலாவது திட்டித் தொலைக்கலாம். ஒருநாள் பொறுக்காமல் நடுவில் புகுந்தான்.

"நம்ம வூட்டுக்கு வர்றது அணுவா, தண்ணியா, நிலக்கரியான்னு எவனாலயும் சொல்ல முடியாது மாமா. எல்லாம் ஒண்ணா கலந்து எங்க ஸ்டேஷனுக்குத்தான் வருது. அவரு அணுவும் என் கை வழியாத்தான் உங்க வூட்டு ஃபேனுக்கு வரணும்."

"அதான் மாப்ள அப்பப்போ நின்னு போவுது" என்றார் பொன்னுரங்கம். வீடே சிரித்தது. ஜெயக்கொடிகூடச் சேர்ந்து சிரித்ததைக் கேசவன் ரொம்ப நாள் மறக்கவில்லை.

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் மழை பொய்த்து மலை அணைகளெல்லாம் அடி தெரிந்து கிடந்தன. தண்ணீரில் வருகிற மின்சாரம் பாதிக்கும் கீழே போயிற்று. நிலக்கரியும் அணுவும் மட்டும் எவ்வளவுதான் தாங்கும்? எந்தெந்தப் பகுதியில் எந்தெந்த நேரம் கரண்ட் இருக்காது என்று பேப்பரிலேயே பட்டியல் போட்டார்கள். அதே பட்டியல் கேசவனின் மேஜைக்கு மேலும் ஒட்டியிருந்தது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரத்துக்குத் தலைமைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வரும். இத்தனை லோடைக் குறை என்பார்கள். பட்டியலில் யார் முறையோ அந்த ஃபீடரை நிறுத்த வேண்டும்.

அந்தக் கோடையில்தான் பொன்னுரங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. காலையில் சடங்கு, சாயங்காலம் பந்தலில் விருந்து. கேசவன் பத்து நாளைக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். புதுச் சட்டை தைத்துக்கொண்டான். முதல் நாளே முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

காலையில் மாலை மாற்றி முடிந்ததும் பொன்னுரங்கம் சரிகைத் துண்டைக் கையில் எடுத்தார். கேசவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். பொன்னுரங்கம் அவனைத் தாண்டிப் போய்த் துண்டைத் துளசிங்கத்தின் தோளில் போட்டார்.

"சாயங்காலம் உங்க ஆபீசருங்கல்லாம் வராங்க இல்ல? நீயே வாசல்ல நில்லு சின்ன மாப்ள. இங்கிலீசு பேசத் தெரிஞ்ச ஆளு நின்னாத்தான் மரியாதியா இருக்கும்னு தோணுது."

துளசிங்கம் பதறிப்போய், "மாமா, அண்ணா இருக்காரே" என்றான். "அவரு நம்ம ஊட்டு ஆளு, இன்னா நெனச்சுக்கப் போறாரு" என்றார் பொன்னுரங்கம். முன்னால் எடுத்து வைத்த காலை எப்படிப் பின்னால் வாங்குவது என்று தெரியாமல் கேசவன் அப்படியே நின்றான். சுற்றி நின்ற நூறு பேரில் அதைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். அவனுக்கு நூறு பேரும் பார்த்த மாதிரிதான் இருந்தது.

மத்தியானப் பந்தியில் உட்கார்ந்தான், எழுந்தான். என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. கை கழுவின கையோடு வண்டியை எடுத்தான்.

"லீவு போட்டீங்களே, எங்க போறீங்க?" என்று ஜெயக்கொடி ஓடி வந்தாள்.

"ஆளில்லையாம். டூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை. மத்தியான ஷிப்டில் இருக்க வேண்டியவன் இவனைப் பார்த்ததும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டான். கூட இருந்தது உதவியாளர் ஏசுதாசன் மட்டும். ஏசுதாசன் என்ன பேசினாலும் அன்றைக்குக் கேசவனிடமிருந்து ஒற்றை வார்த்தைதான் பதிலாக வந்தது.

ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. எங்கேயோ ஒரு மெஷின் நின்றுவிட்டதாம்; ஐம்பதில் நிற்க வேண்டிய ஃப்ரீக்வென்சி நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது, உடனே லோடைக் குறையுங்கள் என்றார்கள். கேசவன் எழுந்து சுவிட்சுகளின் முன்னால் போய் நின்றான்.

"இன்னிக்கு சாயங்காலம் திருநீர்மலை சார்" என்றார் ஏசுதாசன், பட்டியலைப் பார்த்து.

கேசவனுக்கும் அது தெரியும். ஆனால் கண்ணுக்குள் பந்தலும் சீரியல் பல்பும் அந்த வாசலும்தான் நின்றன. வாசலில் துண்டும் இங்கிலீசுமாகத் துளசிங்கம். 'எரியட்டும், நல்லா எரியட்டும், இப்போ பாரு' என்று ஏதோ ஒன்று உள்ளே கூவியது. மாடம்பாக்கம் ஃபீடரின் சுவிட்சைத் திருப்பினான். வெளியே யார்டில் டப்பென்று ஒரு சத்தம். மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

"சார்..."

"மாடம்பாக்கத்துல லோடு ஜாஸ்தி. எழுதிக்கோ."

ஏசுதாசன் நோட்டில் எழுதினார். ஒரு மணி நேரத்தில் மறுபடி போட்டிருக்கலாம். கேசவன் ஒன்றரை மணி நேரம் போடவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அவனுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஜெயக்கொடியும் அந்த இருட்டில்தான் இலை போட்டுக்கொண்டிருப்பாள் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை ஜெயக்கொடியைக் கூட்டி வரப் போனபோது கேம்ப் ரோடு தாண்டியதிலிருந்தே வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். என்னென்ன கேட்பார்கள், என்னென்ன பொய் சொல்வது என்று வண்டியிலேயே ஒத்திகை பார்த்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் பொன்னுரங்கம் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கேசவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அவரோ இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"மாப்ள, உன்னப் புரிஞ்சுக்காம பூட்டேன் மாப்ள."

நடந்ததை அவரே சொன்னார். விளக்கு அணைந்ததும் பந்தலில் ஒரே கூச்சல். பாதிச் சாப்பாட்டில் ஆபீசர்கள் எழுந்துவிடப் பார்த்தார்கள். "உங்க பெரிய மாப்ளதானே டூட்டில கீறாரு?" என்று யாரோ கேட்டுவிட, பொன்னுரங்கம் அவமானத்தில் கேசவனைக் கண்டபடி ஏசியிருக்கிறார். அப்போதுதான் துளசிங்கம் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினானாம்.

"இன்னா பேச்சு பேசுனாரு சின்ன மாப்ள! தண்ணி, நிலக்கரி, அணு எல்லாம் ஒரே வடத்தப் புடிச்சுத் தேர் இழுக்கிற மாரியாம். தேர்ல பாரம் ஜாஸ்தியாச்சுன்னா எல்லா மெஷினும் தள்ளாடுமாம். அப்போ எவனாவது பாரத்த எறக்கலேன்னா ஒண்ணு மேல ஒண்ணு உழுந்து ஸ்டேட்டே இருட்டாயிடுமாம். 'எங்க அண்ணா நெனச்சிருந்தா இன்னிக்கு மாமனார் வூட்டக் காப்பாத்தியிருக்கலாம். போட்ட லீவ உட்டுட்டு டூட்டிக்குப் போயி, சொந்தம்னு பாக்காம சுவிட்சுல கை வெச்சாரே, அந்த மனசு உங்கள்ல யாருக்கு வரும்'னு கேட்டாரு. எழுந்திருக்கப் பாத்தவங்கல்லாம் மறுபடி உக்காந்துட்டாங்க. ஒரு ஆபீசரு கையே தட்டிட்டாரு."

சொல்லிக்கொண்டே உள்ளே போய்ச் சரிகைத் துண்டை எடுத்து வந்து, பந்தல்காரர்கள் பார்க்க, அக்கம்பக்கத்தார் பார்க்க, கேசவனின் தோளில் போட்டார். ஜெயக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால் கேசவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் அவனே அதை நம்பினான். "கடமன்னு வந்துட்டா சொந்தம் பந்தம் பாக்கக் கூடாது மாமா" என்றுகூடச் சொன்னான்.

கிளம்புகிறபோது துளசிங்கம் வாசல்வரை கூட வந்தான். ஜெயக்கொடி உள்ளே தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். துளசிங்கம் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, மாடம்பாக்கத்துக்கு நேத்து காலைலயே கட் முடிஞ்சுபோச்சு. பேப்பர்ல பாத்து, சாயங்காலம் விருந்து வெச்சுக்கலாம்னு சொன்னதே நான்தான்."

ஜெயக்கொடிக்குக் கேட்டுவிட்டதா என்று கேசவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சுமா அப்படிப் பேசுன?"

"காலைல மாமா துண்ட என் மேல போட்டப்போ உங்க மூஞ்சியப் பாத்தேண்ணா. எனக்கு அது ஒரு பெரிய விஷயமில்ல. உங்களுக்கு அது வேணும்னு தெரிஞ்சுது."

குத்திக் காட்டுகிறானா என்று கேசவன் அந்த முகத்தையே பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. தம்பிக்காரன் அண்ணனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தான். அவன் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடக் கேசவன் வாங்கிக்கொண்டிருப்பான். ஜெயக்கொடி வந்து பின்னால் உட்கார்ந்தாள். சேலையூர் வரும்வரை, "துளசி தம்பி மாதிரி ஒரு மனுசன் கெடைக்க மாட்டாருங்க" என்பதையே நாலு தடவை சொன்னாள். கேசவன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.

அதற்குப் பிறகு அவன் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். ஒரு நாள்கூடப் பட்டியலை மீறவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு தப்புச் செய்தால் அதையும் துளசிங்கம் வந்து நியாயப்படுத்திவிடுவானோ என்ற எரிச்சல் அதைவிடப் பெரிய காரணம். நேர்மையான ஆள் என்று டிவிஷன் முழுக்கப் பெயர் வந்தது. தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்ற அன்று சப்ஸ்டேஷன் வாசலில் ஷாமியானா போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பேசிய ஒவ்வொருவரும் அறுபதாம் கல்யாணக் கதையைத்தான் சொன்னார்கள். மாமனார் என்றும் பார்க்காமல் சுவிட்சைத் திருப்பிய மனிதர் என்றார்கள். ஏசுதாசன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல எழுந்த கேசவன் கூட்டத்தைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் துளசிங்கம் உட்கார்ந்து எல்லோரையும்விட ஓங்கிக் கை தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தையல்நாயகியும் பூரிப்பாகத் தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கட்டின பெண்டாட்டியிடம்கூட அவன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. கேசவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவன் இடத்தில் நான் இருந்திருந்தால் மறுநாளே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தான். அப்படி நினைத்தபோது வயிற்றில் மூண்ட எரிச்சல், அதுவரை அவன் பட்ட பொறாமையையெல்லாம் சின்னதாக்கிவிட்டது.