காற்றை விழுங்கும் கல்யாணக் குதிரை

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் தொழிலில் பொய் சொல்லாத ஒரே ஜீவன் குதிரைதான். இந்த வெள்ளைக் குதிரையை என் தலையில் கட்டியவனே, பேரைச் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும்: நீ என்னை ஏமாற்றினாய். என்னைப் போல அடிபட்டுத் தெளிந்தவர்கள் இதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

பல்லைப் பிடித்துப் பார்த்தது

தானமாக வந்த மாட்டைத்தானே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது? காசு கொடுத்து வாங்குகிற குதிரையைப் பார்த்தேன். முன்பல் எல்லாம் தேய்ந்து கிடந்தது. "கிழட்டுக் குதிரையை யார்கிட்ட தள்ற?" என்று கத்தினேன். கிளம்புகிறவன் மாதிரி செருப்பைக்கூட மாட்டினேன். நீ தலையைச் சொறிந்து, "வயசாயிடுச்சுண்ணா, இன்னா பண்றது" என்று விலையை இறக்கினாய்.

டெம்போவில் ஏற்றிக்கொண்டு எங்கள் பீர்க்கன்கரணை வரும் வரை, பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகையில் கட்டினதும் குதிரை தொட்டி விளிம்பை முன்பல்லால் கவ்வியது. கழுத்தை வளைத்து, 'ஹ்ர்ர்க்' என்று காற்றை இழுத்து விழுங்கியது. மறுபடி 'ஹ்ர்ர்க்'. நிறுத்தவே இல்லை. என் கூட வேலை செய்யும் முருகேசன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, இது கெழம்லாம் இல்ல. கட்டையக் கட்ச்சிக் காத்து குட்ச்சே பல்லு தேஞ்சிகீது." இந்தப் பழக்கத்தை மறைக்கத்தான் நீ வயசாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டாய்.

சேலையூர் மாப்பிள்ளை

மண்டப வாசலில் ஊர்வலம் நின்றது. மாப்பிள்ளை குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த ஒரு நொடியில், குதிரை வாசல் கம்பியைக் கவ்வி 'ஹ்ர்ர்க்!' என்றது. கூட்டம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது, குதிரையை அல்ல. மாப்பிள்ளை முகம் கட்டியிருந்த தலைப்பாகை நிறத்துக்குச் சிவந்தது. பெண்ணின் மாமா அருகில் வந்து ரகசியமாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, கேஸ் ட்ரபிளா? ஒரு சோடா சொல்லட்டுமா?"

லட்டு

மேடவாக்கத்தில் ஒரு கல்யாணம். 'எதுவும் கொடுக்காதீங்கம்மா' என்று தொண்டை கிழியச் சொல்லியும், நான் பணம் வாங்க உள்ளே போன நேரத்தில் லட்டும் பூரியுமாக ஊட்டிவிட்டார்கள். விடிந்ததும் குதிரை காலால் தரையைக் கீறியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்துப் புரண்டது. சாணி இல்லை. எனக்கு உயிரே இல்லை. இது போனால் நான் எதை நம்பிப் பிழைப்பது?

டாக்டர் வந்து மூக்கு வழியே குழாய் விட்டு மருந்து ஏற்றினார். "ஏற்கெனவே காத்தா விழுங்குது, அதுக்கு மேல லட்டா?" என்று என்னைத் திட்டினார். தீனி நிறுத்தி, மெல்ல நடத்தச் சொன்னார். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடத்தினேன். அத்தனை வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று குதிரையின் பின்பக்கத்தையே பார்த்தார்கள். மத்தியானம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பின்னாலேயே சாணி. தெருவில் சாணி விழுகிறது என்று என்மேல் புகார் எழுதிப் போட்ட காலனி செயலாளர்தான் முதலில் கை தட்டினார்: "தாராளமா போடச் சொல்லுங்க சார், நம்ம ரோடுதானே!"

கொசுறு

அதற்கப்புறம் டாக்டர் சொன்னபடி கொள்ளுத் தீனியைக் குறைத்தேன். நாள் முழுக்கப் புல் கிடைக்கிற மாதிரி செய்தேன். தினமும் வெளியே அவிழ்த்துவிட்டேன். காற்றை இழுக்க முடியாதபடி கழுத்துக்கு வார் கட்டினேன். கழற்றினால் மறுபடி 'ஹ்ர்ர்க்'. "பழக்கம் முழுசா போகாது. துணை இருந்தா குறையும். முன்னாடி யாரோட இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. உன் கொட்டகையில் பக்கத்திலேயே ஒரு கறுப்பு ஆடு. நான் குதிரையை இழுத்து வரும்போது அது கத்தியது, இது திரும்பித் திரும்பிப் பார்த்தது. 'அந்த ஆட்டைக் கொசுறா குடு' என்று கேட்டேன். குதிரை விலையை அவ்வளவு இறக்கியவன், ஆட்டுக்கு மட்டும் மசியவே இல்லை. டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் பையை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்க தப்பான மிருகத்துக்குப் பேரம் பேசியிருக்கீங்க சார்."

ஆகவே, அநியாயக்காரா, உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருந்தால் அந்தக் கறுப்பு ஆட்டைக் கொண்டுவந்து என் கொட்டகையில் கட்டிவிட்டுப் போ. ஆயுசில் முதல் தடவையாகச் சொல்கிறேன், நீ சொல்வதுதான் விலை.