கொக்கியில் தொங்கிய முகக்கவசங்கள்

கொரோனா நேரத்தில் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவர் அவர். கண்ணுக்குக் கீழே முகமே தெரியாது. இரண்டு முகக்கவசங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டிருப்பார். கண்ணாடிக்குப் பக்கத்துக் கொக்கியில் இன்னும் நான்கு தொங்கும். போலீஸ் நிற்கும் இடம் நெருங்கியதும், திரும்பிப் பார்க்காமலே அவற்றைப் பின்னால் நீட்டுவார். போடாமல் வந்தவர்கள் வாங்கி மாட்டிக்கொள்வோம். தாண்டியதும் அதே கை திருப்பி வாங்கிக்கொள்ளும்.

அன்று எனக்கு வந்தது ஈரமாக இருந்தது.

"அண்ணே, இத யார்னா போட்டிருந்தாங்களா?"

"இப்ப எறங்கிச்சே ஒரு அம்மா, அது போட்டதுதான். போலீசுக்குத்தானம்மா? தாண்டினதும் கழட்டிக் குடுத்துடு."

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு ரெண்டு போட்டுக்கினு இருக்கீங்க?"

"பொஞ்சாதிக்கு ஆஸ்துமா இருக்குதும்மா. எனக்கு வந்து அவளுக்கு ஒட்டிக்கிச்சின்னா தாங்க மாட்டா."

அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. ஆனால் அந்த ஈரத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, தாண்டியதும் கழற்றிக் கொடுத்துவிட்டு, நேராகப் போய்த் தங்கையின் பத்து நாள் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டவள் நான்.