பத்துக் கடி ஒரு செக்கன்

“வாசல்லயே நில்லுங்கோ பிள்ளை. உங்கட நிழல் விழுந்தா திரும்பவும் எடுக்கோணும்.”

முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வந்த கிருசாந்தி குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்து மேசைக்கு முன்னால் இருந்த கமலாசனியின் வாயில் ஹெட்போன் வயர் தொங்கியது.

“என்ன செய்யிறீங்கள் அன்ரி?”

“படம் எடுக்கிறன்.”

“வயரைக் கடிச்சோ?”

“கையால அமத்தினா போன் ஆடும். பல்லு இன்னும் ஆடேல்ல.” வயரிலிருந்த பொத்தானை ஒரு கடி கடித்தார். “ஒரு கடிக்கு ஒரு படம். பத்துக் கடி ஒரு செக்கன். நேற்று முழுக்கக் கடிச்சு, இந்தப் பெட்டை படியால இறங்கினது மட்டுந்தான் மிச்சம்.”

அந்தப் பெட்டை ஒரு புளியங்கொட்டை.

பிரம்பு அறுந்த பழைய கதிரை ஒன்று மேசைமேல் ஏறி நிற்கிறது. அதன் ஓட்டைக்குக் குறுக்கே கட்டிய போன், கீழே கால்களுக்கு நடுவில் இருக்கும் அரிசி புடைக்கும் சுளகைப் பார்த்தபடி இருக்கும். சுளகில் ஈர்க்கால் செய்த வீடு. வீட்டைச் சுற்றிப் புளியங்கொட்டைச் சனம். ஒவ்வொன்றையும் ஒரு நெல்மணி அளவு நகர்த்திவிட்டுக் கடிக்க வேண்டும். கமலாசனியின் விரல் நடுங்குவதால் ஒரு கொட்டையும் வைத்த இடத்தில் சரியாக இருப்பதில்லை. படமாக ஓடும்போது பார்த்தால் எல்லாக் கொட்டையும் மூச்சு விடுகின்றன.

கமலாசனிக்கு ஐம்பத்தாறு வயது. பார்க்கின்சன் நோய் என்று டொக்டர் பெயர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. நாலு நேரம் குளிசை விழுங்க வேண்டும். போட்டு முக்கால் மணித்தியாலத்தில் உடம்பு இளகும்; அது திரும்ப இறுகுமுன் சமையல், உடுப்புத் தோய்ப்பு எல்லாம் முடித்துவிடுவார். அடுத்த குளிசைக்கு முந்திய, கை நன்றாக நடுங்கும் நேரத்தைப் படத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். “அப்பதான் கொட்டையளுக்கு உயிர் வரும்.”

வாசற்படிகளில் கால் ஒட்டிக்கொள்ளும். அதற்காகக் குசினியிலிருந்து கிணற்றடிவரை நிலத்தில் தண்டவாளக் கட்டைகள்போலக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் கீறியிருக்கிறார். கோட்டைக் கண்டால் கால் தானாகத் தாண்டும். வயலிலிருந்து வரும் கணவர் பரமேஸ்வரன் அதில் கால் வைக்கும்போதெல்லாம், “கொழும்பு ரயில் எத்தினை மணிக்கு?” என்று கேட்பார். “உங்களை ஏத்தாது, விலகுங்கோ” என்று பதில் வரும்.

இருவரும் இப்படிக் கதைக்கும்போது கமலாசனியின் முகத்தில் ஒன்றுமே அசையாது. பகிடி விடுவதா, ஏசுவதா என்று புதிதாக வருபவர்களுக்குப் பிடிபடாது. நோய் முதலில் எடுத்துக்கொண்டது அந்த முகத்தைத்தான்; அது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

தெரியாத அந்த நாட்களில்தான் பரமேஸ்வரனின் தங்கை கௌசலா, மகள் யதுர்ஷிகாவின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார். மாப்பிள்ளை பூநகரிப் பக்கம். கமலாசனியின் மகன் ரூபன் யதுர்ஷிகாவுக்கு உரிமை மச்சான். ஆனால் ரூபனுக்கும் அந்த எண்ணம் இருக்கவில்லை, தாய்க்கும் இருக்கவில்லை. கமலாசனி வெற்றிலைத் தட்டத்தை வாங்கி, “நல்ல சந்தோசம் மச்சாள்” என்றார். முகம் மரம்போல இருந்தது. கௌசலா அந்த முகத்தை வாசித்துக்கொண்டு போனார். ‘பொடியனுக்குப் பெட்டையைத் தரேல்லை எண்டு மாமிக்காரிக்கு எரிச்சல்’ என்று ஊர் முழுக்கக் கதை போயிற்று. ஸ்கந்தபுரத்தில் எந்தக் கலியாணத்திலும் மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்கக் கமலாசனியைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த மருமகள் யதுர்ஷிகாவின் கலியாணத்தில் வேறு ஆள் எடுத்தார். அன்றிலிருந்து கௌசலா இந்த வீட்டுப் படலையைத் திறப்பதில்லை. பிறகு டொக்டர் சொன்னதைப் பரமேஸ்வரன் போய்ச் சொன்னபோது, “நடுக்க வருத்தம் கைக்குத்தானே அண்ணை, முகத்துக்கு என்ன?” என்று கேட்டாராம்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த மூன்று நிமிடப் படம். ஒரு கொட்டை வாசலில் ஒட்டிப்போய் நிற்கும். மற்றவை கோபித்துக்கொண்டு திரும்பிப் போகும். கதை அவ்வளவுதான். குடும்பநல உத்தியோகத்தர் அதை மாதர் சங்க மண்டபத்தில் காட்ட ஒழுங்கு செய்தார். பிறகு சிங்கள ஊர்களுக்கும் அனுப்புவதாகத் திட்டம். கமலாசனியின் குரல் மெலிந்துவிட்டதால் படத்துக்குப் பேச்சில்லை, எழுத்து மட்டும். தமிழும் சிங்களமும் படித்த கிருசாந்தி அதற்காகத்தான் வந்து போனாள். அவள் அதிகம் கதைக்கிறவளோ சிரிக்கிறவளோ அல்ல. “வாங்கோ, உங்களோட சேத்து எங்கட வீட்டில இப்ப ரெண்டு பேருக்குச் சிரிப்பு வராது” என்று கமலாசனி சொன்ன நாளில் மட்டும் தன்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

மாதர் சங்கத்தின் பொருளாளர் கௌசலா. கூட்டத்துக்கு வராமல் இருக்க முடியாது.

படம் காட்டுவதற்கு முதல் நாள், கமலாசனி கடைசிக் காட்சியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் கொட்டைகள் இல்லை. அவரது முகம், திரை நிறைய, அரை நிமிடம். பரமேஸ்வரன் போனைப் பிடித்து எடுத்திருந்தார். கண் இரண்டு தரம் இமைத்தது, வேறெதுவும் அசையவில்லை.

“இதுக்குக் கீழ என்ன எழுதோணும் அன்ரி?”

“‘இப்ப நான் சிரிக்கிறன்’ எண்டு.”

கிருசாந்தி காட்சியை இன்னொரு தரம் ஓடவிட்டாள். பிறகு தமிழில் எழுதினாள். அதன் கீழே சிங்களத்தில் எழுதினாள். கமலாசனி போனை வாங்கி, நடுங்கும் இரண்டு கைகளாலும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னும் பெரிசாப் போடுங்கோ பிள்ளை. முகம் மறைஞ்சாலும் பரவாயில்லை. கௌசலா வாசிக்கிற கண்ணாடி கொண்டர மாட்டா.”