பிள்ளைப்பாக்கத்து நரிப்பயறு

ஊரே கம்பெனி வேலை தேடி ஒரகடம் வருகிறது. நான் அங்கே களைச்செடி தேடுகிறேன், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஒரு விதை வங்கியில் சேர்ந்தேன். பயறு, உளுந்தின் காட்டுச் சொந்தங்களைக் கண்டுபிடித்து விதை எடுக்க வேண்டும். வெயிலில் குனிந்தே சம்பாதிக்கிற ஜனங்களே, உங்களுக்கு என் முதுகுவலி புரியும்.

ஷேர் ஆட்டோவில் வெடி

வயல் பயறு அவ்வளவு சுலபத்தில் வெடிக்காது. காட்டுப் பயறு முற்றினால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை வீசிவிடும். இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் கேட்டால்தானே? முற்றிய காய்களைக் காகிதக் கவரில் போட்டு, வாயை ஒட்டாமல், சுங்குவார்சத்திரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். வெயில் பட்டதும் டப், டப். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் கன்னத்தில் விதை அடித்தது. அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இன்னாடி, பாப்கார்ன் பொரிச்சிகினு வர்றியா? எனக்கும் ரெண்டு குடு."

மதிலோரப் பச்சை

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கம்பெனி மதிலோரம் நரிப்பயறு என்கிற காட்டுப் பயறு படர்ந்திருந்தது. எதிர் வயலில் உளுந்து முழுக்க மஞ்சள் தேமல் நோய். இது மட்டும் திமிராகப் பச்சை. அந்தத் திமிரை உளுந்துக்கும் கொண்டுவர முடியுமா என்று பார்க்கலாமே என்று கூட வந்த எங்கள் விதை வங்கி மேடம் குதித்தார். நிஜமாகவே குதித்தார். ஆனால் காயெல்லாம் பிஞ்சு. பிஞ்சைப் பறித்தால் விதை முளைக்காது. முற்றும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டில் நின்ற செக்யூரிட்டி, திருநெல்வேலி அண்ணாச்சி, எங்களை மேலும் கீழும் பார்த்தார்: "களைச்செடியப் பாத்தே இந்தக் குதி குதிக்கிய, ரோசாச் செடியப் பாத்தா என்ன செய்விய?"

யார் போட்ட ஹோல்டு?

அதே அண்ணாச்சிதான் போன் செய்தார். கம்பெனிக்கு ஆடிட் வருகிறதாம், மதிலோரத்தைச் சுத்தமாகச் செதுக்கப் போகிறார்களாம். மேடம் மெயில் மேல் மெயில் போட்டார். பதில் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தால் தரையெல்லாம் மொட்டை. நடுவில் மட்டும் நரிப்பயறு! சுற்றிச் சிவப்பு வெள்ளை டேப், அதில் 'ஹோல்டு' என்று சிவப்பு அட்டை. இந்தக் கம்பெனிகளில் ஒரு சரக்கில் அந்த அட்டை தொங்கினால், சோதித்து முடிவு தெரியும்வரை, தொங்கவிட்டவர் சொல்லாமல் ஒருத்தரும் தொட மாட்டார்கள். தொங்கவிட்டவர் அண்ணாச்சி! ஆடிட்காரர்கள்கூட மரியாதையாகச் சுற்றிப் போனார்களாம்.

காய் கறுத்ததும் ஒரு காலையில், வெயில் ஏறுமுன் பறித்துத் துணிப்பையில் இறுக்கிக் கட்டினேன். அண்ணாச்சி டேப்பைச் சுருட்டினார். அங்கே வந்த சூப்பர்வைசர் ரொம்ப சீரியஸாகக் கேட்டார்: "ஹோல்டு எடுத்தாச்சாம்மா? செடி பாஸா, ரிஜெக்டா?"

பரீட்சையில் எனக்கு யாரும் அவ்வளவு சுலபமாகப் பாஸ் போட்டதில்லை. நான் மட்டும் ஒரு களைச்செடிக்குச் சட்டென்று 'பாஸ்' போட்டுவிட்டேன்.