பௌர்ணமிக்கு மட்டும்

எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் வீட்டுக்காரர்களுக்கு வேறு கணக்கு. கிரிவலப் பாதையில் யாரிடம் ஓர் அறை இருந்தாலும் அன்றைக்கு அது காசு. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டு, தாங்கள் படுக்கும் அறையை ஆந்திராவிலிருந்து வரும் குடும்பத்துக்கு விடுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை. விடிந்தால் அறை திரும்பவும் அவர்களுடையதுதான். அதனால்தான் அண்ணன் இருக்கும் இல்லத்திலும் அதே காரியம் தொடங்கியபோது எனக்கு உடனே எதுவும் உறைக்கவில்லை.

அண்ணன் பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டவன். தலை நரைத்துவிட்டது, இன்னும் நடக்க வராது, பேச வராது. சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் ஒரே சத்தம்தான், தெருமுனை வரை கேட்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை அடி அண்ணாமலையை ஒட்டி, இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கும் அந்த இல்லத்தில் சேர்த்தேன். நானோ வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையை வைத்துக்கொண்டு, வாடகை மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறவள். என்னைவிட அவன் கனம். அவனைத் தூக்கிக்கொண்டு படியேற என்னால் ஆகாது. அந்த இல்லத்தை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது என்பது எனக்கும் தெரியும், இல்லத்தை நடத்தும் மேடத்துக்கும் தெரியும்.

இல்லத்துக்கு முக்கால்வாசிப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனது. அனுப்பியவர்களுக்கு வயதாகிவிட்டது என்றார்கள், வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை என்றார்கள். எது நிஜம் என்று நான் குடையவில்லை. சோற்றுக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று யாராவது அண்டாவோடு வந்து நிற்பார்கள். சில நாள் இரண்டு குடும்பங்கள் ஒரே வேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டு, யார் முதலில் பரிமாறுவது என்று முறைத்துக்கொள்வார்கள். ஆனால் அப்பா நினைவாக ஓர் ஆயாவுக்கு ஒரு மாதச் சம்பளம் தருகிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டயாப்பர் வாங்கிக் கொடுத்தால் புண்ணியம் கம்மி போலிருக்கிறது. ஆயாக்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணும் நின்றாள்.

முதலில் போனது குளியலறை. வீல்சேர் நுழையும்படி அகலமாக, சுவரில் கைப்பிடியெல்லாம் வைத்துக் கட்டியது. ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் வந்த பெண்கள் சிலர் கேட்டில் நின்று, பாத்ரூம் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மேடம் இரக்கப்பட்டு உள்ளே விட்டார். போகும்போது அவர்கள் உண்டியலில் போட்டுவிட்டுப் போன பணத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். அடுத்த பௌர்ணமிக்குக் கேட்டருகே ஒரு மேசையும் நாற்காலியும் வந்துவிட்டன. அதற்கடுத்து, வீல்சேர் ஓட்டிப் பழகும் முற்றத்தில் கார்கள். பிறகு பிசியோதெரபி அறை. நடை பழகும் கம்பிகளைச் சுவரோரம் தள்ளி, உடற்பயிற்சி மெத்தைகளைத் தரையில் விரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று விட்டார்கள்.

"பௌர்ணமிக்கு மட்டும்தாங்க," என்றார் மேடம். "அந்த ஒரு நாள்ல வர்றத வச்சிதான் இங்க எல்லாருக்கும் மாத்திரை வாங்கறேன். நான் வேற என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

சண்டை என்றால் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிற ஆள்தான் நான். ஜெராக்ஸ் மங்கலாக விழுந்துவிட்டது என்று கடையில் வந்து கத்துகிறவர்களைத் திருப்பிக் கத்தி அனுப்பியிருக்கிறேன். மேடத்திடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தன் சம்பளத்தை எடுத்து ரொம்ப நாளாகிறது என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

அண்ணன் படுக்கும் அறையும் ஒரு பௌர்ணமிக்குப் போனது. ஆண்கள் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். மறுநாள் திரும்பவும் அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த அவர்களுடைய போட்டோக்களைக் காணோம். "எதுக்குங்க மாசா மாசம் எடுத்து ஒட்டிக்கிட்டு," என்றார் மிச்சமிருந்த ஒரே ஆயா. அவர் அலுப்பில் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. அடுத்த முறை போனபோது அறைக்கதவில் புதுத் தாழ்ப்பாள், உள்பக்கமாக. அந்த அறையில் இருந்தவர்களில் எழுந்துபோய்த் தாழ் போடக்கூடியவர் ஒருவர்கூடக் கிடையாது.

பிறகு மேடத்திடமிருந்து அந்தப் போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணன் சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க. ரூம் எடுத்தவங்க பயந்துடறாங்க. பௌர்ணமிக்கு மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க."

கூட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரரும் டீக்கடை மாஸ்டரும் தூக்கி மாடியேற்றினார்கள். வீட்டுக்காரர் படியடியில் நின்று பார்த்துவிட்டு, "எத்தினி நாளைக்கும்மா?" என்றார்.

"ஒரு நாளைக்கு மட்டும்தாங்க," என்றேன். மேடத்தின் குரல் எனக்கே வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் பௌர்ணமிக்கு முந்தின நாளும் சேர்ந்துகொண்டது. அப்புறம் சனியும் ஞாயிறும். இப்போதெல்லாம் ஊரில் கூட்டமில்லாத சனி ஞாயிறு ஏது? வீட்டுக்காரர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கேட்கிறவருக்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். சும்மா இருக்கிறவர் மனதுக்குள் ஏதோ முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் வீட்டுக்கும் அதே போன் போயிருக்கிறது. அவரை வந்து அழைத்துப் போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இல்லத்திலிருந்து யாராவது போய் விசாரித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கட்டில் இருந்த இடத்தில் ஒரு பீரோ வந்தது. கண்ணாடி வைத்த பீரோ. அதைப் பார்த்த அன்று நான் கடைக்குப் போகவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவன் என்ன ஆவான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

போன மாதம், பௌர்ணமி முடிந்து, கூட்டமெல்லாம் வடிந்திருக்கும் என்று ஒரு நாள் சேர்த்தே விட்டு, அண்ணனை ஆட்டோவில் கொண்டுபோனேன். செவ்வாய்க்கிழமை. பாதையில் நடமாட்டமே இல்லை. கேட்டருகே மேசை நாற்காலி மட்டும் எடுக்காமல் இருந்தது. பக்கத்தில் தெலுங்கில் எழுதிய புது போர்டு ஒன்று. ஆயாவும் நானும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனோம். அறைக்கதவில் பெயின்டில் நம்பர் போட்டிருந்தார்கள்.

உள்ளே ஒரு குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். அண்ணனின் கட்டில் கம்பியில் ஈரப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. தன் கட்டிலைக் கண்டதும் அவன் சத்தம் போட்டான். அது சந்தோஷச் சத்தம். குழந்தைகள் மிரண்டு அம்மாவிடம் ஓடின. அந்த மனிதர் மட்டும் பயப்படவில்லை. நல்ல மனிதர், சட்டென்று எழுந்து, பைகளைக் காலால் ஒதுக்கி, வீல்சேர் வர வழி விட்டார்.

"வாங்கம்மா, வாங்க," என்றார் தெலுங்கு வாடையடிக்கும் தமிழில். "இவருக்கு கூட இங்கயே ரூமா?"

அதற்குள் சத்தம் கேட்டு மேடம் பின்னாலேயே வந்துவிட்டார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இது இவருடைய அறைதான் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்வார் என்றுதான் நின்றேன்.

மேடம் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்ல சார். அவங்க லோக்கல்தான். இப்ப கிளம்பிடுவாங்க."