ஆயில் மூடியின் உட்புறம்

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தை அண்ணன் என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஆறிய பாலின் மேல் படியும் ஆடைபோல, மஞ்சள் கலந்த வெள்ளையில் ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டால் வழுவழுத்தது.

"பாத்தியா? ஆயில்ல தண்ணி கலந்துக்குது. ஹெட் கேஸ்கெட் பூட்ச்சு. வண்டிய சூடேத்திட்டு வாயே தொறக்காம இருந்துக்கிறான்."

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடுதான் கேஸ்கெட்; இன்ஜின் மிதமிஞ்சிச் சூடானால் அது போய்விடும். அவன் என்றது, ஆறு வருடமாக அண்ணனின் அந்த லாரியை ஓட்டிய டிரைவரை. அவர் பம்பருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இல்லண்ணா. ஒரு நாள்கூட சூடாவல."

"அப்ப இது இன்னா, மோரா? ஊட்டுக்குப் போ. இன்ஜின பிரிச்சப்புறம் கூப்புடுறேன்."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரி ஷெட்டுகளுக்குள் பேச்சு வேகமாகப் பரவும். இன்ஜினைக் கெடுத்துவிட்டு மறைத்தவன் என்ற பெயர் வந்தால், அவருக்கு இன்னொருவர் வண்டி தரமாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அவரைச் சந்தேகித்தேன். எனக்கு அவர் அளவுக்கு மீறிப் பணிவாகத் தெரிந்தார்.

"நீ பேப்பர்காரன்தானே, விசாரி" என்றார் அண்ணன். விசாரித்தேன். லோடு ஏற்றும் ஆலையின் வாசல் டீக்கடையில், பஞ்சர் கடையில், எடைமேடையில் கேட்டேன். ஆவி கிளம்ப வண்டி நின்றதையோ, ரேடியேட்டரில் அவர் தண்ணீர் ஊற்றியதையோ யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததையே அவர் மறைத்ததற்குத் தடயமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். மூடியைப் பார்த்ததும் ஸ்பானர் பையை அவிழ்த்தார்.

"ஹெட்ட எறக்கிட வேண்டியதுதான் நைனா."

ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்க்கச் சொன்னேன். கம்பியில் ஆயில் கறுப்பாக, தெளிவாக இருந்தது. வெள்ளையின் சுவடே இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் விளிம்புவரை நின்றது, அதன்மேல் எண்ணெய்ப் படலம் இல்லை. வண்டியைக் கிளப்பியபோது தண்ணீரில் குமிழி வரவில்லை. புகையும் வெள்ளையாக இல்லை. கேஸ்கெட் போயிருந்தால் இவற்றில் ஒன்றாவது தெரியவேண்டும் என்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

மூடியைத் துடைத்தோம். சுமையோடு ஆந்திர எல்லை தாண்டித் தடா வரை போய்த் திரும்பினோம். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில். போகும்போதும் வரும்போதும் வெப்பம் காட்டும் முள் நடுப்பகுதிக்கு ஏறவே இல்லை.

"கேஜு அவுட்டு," என்றார் அண்ணன்.

திரும்பியதும் மெக்கானிக்கிடம் முள்ளைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"எப்புடி ஏறும்? தெர்மோஸ்டாட் வால்வுதான் இல்லியே. போன கத்திரில நான்தான் கயட்டிப் போட்டேன். நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு? எல்லா வண்டிலயும் அப்டித்தான் வுட்டுக்கிறேன்."

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வு அது. அதைக் கழற்றினால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். இந்த லாரியின் வேலையோ ஆலையிலிருந்து குடோனுக்கு மூன்று கிலோமீட்டர். வரிசையில் நிற்கும்போதெல்லாம் இன்ஜினை அணைக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. மழை மாதத்து ஈரக்காற்று உள்ளே போய், ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மூடியில் வேர்த்திருக்கிறது. அந்த வேர்வையும் ஆயிலும் சேர்ந்ததுதான் ஆடை. வால்வைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று தலையாட்டியது யார் என்று கேட்டேன். அண்ணன் டயரைத் தட்டிப் பார்க்கப் போனார்.

புது வால்வு போட்டு ஒரு வாரம் நெடுஞ்சாலை லோடு ஓட்டியதில் மூடி சுத்தமாகிவிட்டது. வேலைக்குத் திரும்பக் கூப்பிட டிரைவருக்குப் போன் செய்தேன்.

"டீக்கடைல கேட்டீங்களாமே சார். பஞ்சர் கடைலயும் கேட்டீங்களாம். என்னாண்ட மட்டும் கேக்கல. முள்ளு ஏறலன்னு அப்பவே சொல்லிருப்பேனே."

பத்திரிகை அலுவலகத்தில், குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் இல்லாத செய்தியை நிருபர்களிடமே திருப்பித் தந்தவன் நான்.

"வேலைக்கு வரேன். ஆனா அண்ணன் எங்க ஊட்டாண்ட வந்து, எம் மாமனார் எதிர்ல ஒரு வார்த்த சொல்லணும். இந்தப் பேச்சு வந்ததுலேர்ந்து அந்தாளு என்ன மூஞ்சி குடுத்துப் பாக்கறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணியில் டிரைவர் வீட்டுக்குப் போனோம். டிரைவரின் மனைவி நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்தார். அண்ணன் வால்வு கதையைச் சுருக்கமாக, தலையாட்டியதை விட்டுவிட்டுச் சொன்னார். மாமனார் முழுவதும் கேட்டார்.

"அப்ப எங்க மாப்ள மேல தப்பு இல்லன்றீங்கோ?"

அண்ணன் டீயை ஊதினார்.

"இந்த தபா இல்ல."

மனைவி கணவரைப் பார்த்தார். டிரைவர் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். குரல் உயரவில்லை.

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணா. வண்டிக்கு வேற ஆள் பாத்துக்குங்க."